என் மகள் திருப்பிச் சொன்ன வாக்கியம்

நான் வீட்டில் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்றை, ஒரு நூலகத்தின் புத்தகத் தட்டுக்குப் பின்னால் நின்றபடி, ஆங்கிலத்தில், என் மகளின் குரலில் கேட்க நேர்ந்தது. 2023 பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை. கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் கிளை நூலகத்தில், பதின்ம வயதினர் ஒன்றுகூடி இனவாதம் பற்றியும் பூர்வகுடி மக்களுடனான நல்லிணக்கம் பற்றியும் பேசும் ஐந்து வாரத் தொடர் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்பது அதன் முதல் விதி. கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறைக்குள் பிள்ளைகள் இருப்பார்கள், எங்களைப் போன்ற சாரதிகள் வெளியே பத்திரிகை புரட்டிக்கொண்டு காத்திருப்போம். அன்றைக்கு அந்த அறையின் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. ஆகவே நூலகர் கதிரைகளைத் தூக்கி வந்து தட்டுகளுக்கு நடுவே வட்டமாகப் போட்டிருந்தார். நான் வழக்கம்போலத் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும் தட்டுக்குப் போய் நின்றேன். அதற்கு மறுபக்கத்தில்தான் வட்டம் இருந்தது என்பதை அவர்கள் பேசத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். அப்போதே நான் விலகிப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

பூர்வகுடி மக்களைப் பற்றி வீட்டில் எப்போதாவது பேச்சு வந்ததுண்டா, வந்திருந்தால் கேட்டது கேட்டபடி சொல்ல முடியுமா என்று நூலகர் கேட்டார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் மகள், எந்தத் தயக்கமும் இல்லாமல், பாடம் ஒப்பிப்பவளைப் போலச் சொன்னாள்: "அவர்களுக்கு அரசாங்கம் எல்லாவற்றையும் சும்மா கொடுக்கிறது, இருந்தாலும் உழைக்க மாட்டார்கள் என்று என் அப்பா சொல்லுவார்." என் கையில் ஒரு சிறுகதைத் தொகுப்பு இருந்தது. அதைத் தட்டில் திரும்ப வைத்தால் சத்தம் கேட்டுவிடும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். நகரத்தின் மையப் பகுதியில் ஒரு நிலக்கீழ் ரயில் வாசலில் சில்லறை கேட்டு உட்கார்ந்திருந்த ஒருவரைக் கடந்துபோகும்போது நான் அதைச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது இருக்கும். அவர் பூர்வகுடியைச் சேர்ந்தவர்தானா என்பதுகூட எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அவ்வளவு நிச்சயத்தோடு சொல்லியிருக்கிறேன் என்பதும், அது ஏழு வருடங்களாக அந்தப் பிள்ளையின் மனதில் பத்திரமாக இருந்திருக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் விளங்கின.

40 மணிநேரமும் பீட்சாவும்

இந்தத் தொடரைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு எதுவும் இருந்ததில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறுவதற்கு ஒரு மாணவர் 40 மணிநேரம் சமூகசேவை செய்திருக்க வேண்டும். நூலகத்தின் இளையோர் குழுவில் சேர்ந்து கதிரை அடுக்குவதும் சுவரொட்டி வரைவதும் அந்தக் கணக்கில் சேரும். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவினர், மீதிப் பேர் பீட்சாவுக்காக வந்தவர்கள் என்பதே என் கணிப்பு. என் மகள் முதல் வகை. பள்ளியில் கேட்டுச் சலித்ததையே இங்கும் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு செப்டெம்பர் 30ஆம் திகதியும், வதிவிடப் பாடசாலைப் பிள்ளைகளின் நினைவாக, அவள் செம்மஞ்சள் சட்டை அணிந்து பள்ளிக்குப் போவாள். குடும்பங்களிலிருந்து பிரித்து வைத்த அந்தப் பாடசாலைகளில் சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள், 1920இல் அது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது, அதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது என்பதையெல்லாம் வரிசை பிசகாமல் சொல்லுவாள். அவற்றுக்குப் புள்ளிகளும் வாங்கியிருக்கிறாள். அந்த அறிவும், என்னிடமிருந்து கேட்ட அந்த வாக்கியமும், ஒன்றையொன்று தொடாமல் ஒரே தலைக்குள் குடியிருந்திருக்கின்றன. இது எனக்குப் பெரிய ஆச்சரியமாகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் எல்லாப் பெரியவர்களும் அப்படித்தான் இருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் அவள் அந்த வாக்கியத்தை ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டாள். அங்கே சரியான விடை எது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் சொல்லுகிறவன் நான், ஆகவே அவள் சொல்ல வேண்டிய தேவை இல்லை. புள்ளி போடாத, பெற்றோரைக் கூப்பிட்டு முறையிடாத, வந்தவர் எழுந்து போனாலும் ஏனென்று கேட்காத ஓரிடம் வேண்டியிருந்தது. இந்த ஊரில் அப்படிப்பட்ட இடங்களை விரல்விட்டு எண்ணலாம்: கோயிலில் பிள்ளைகள் பேசுவதில்லை, கடைத்தொகுதியில் பணம் இல்லாமல் அதிக நேரம் உட்கார முடிவதில்லை. நூலகங்கள் இதுபோன்ற விடயங்களில் தலையிடுவது தேவையற்றது, புத்தகம் இரவல் கொடுத்தால் போதும் என்று என் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார். நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது அப்படித் தலையாட்ட முடியவில்லை.

4 டாலர்

நூலகர் முப்பது வயதைத் தாண்டியிராத பெண். என் மகள் சொன்னதைக் கேட்டு அவர் முகம் சுளித்தாரா என்பதைத் தட்டின் இடுக்கு வழியாக என்னால் பார்க்க முடியவில்லை. அவர் குரல் மாறவில்லை. "நன்றி, கேட்டபடியே சொன்னாய்" என்றார். பிறகு அந்த வாக்கியத்தை ஒரு பெரிய தாளில் எழுதும் சத்தம் கேட்டது. இனவாதம் என்ற சொல்லை அவர் அந்த இடத்தில் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியிருந்தால் என் மகள் அதோடு வாயை மூடியிருப்பாள், அடுத்த வியாழன் வந்திருக்கவும் மாட்டாள், நானும் பெரிய நிம்மதியோடு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அவர் கேட்டது இதுதான்: "எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள் என்றால், எதை, எவ்வளவு, எந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள்? யாருக்காவது தெரியுமா?"

அப்போதுதான் அதுவரை குரல் கேட்டிராத ஒரு பெண்பிள்ளை பேசினாள். அவள் அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவள் என்பதை என் மகள் பிறகு சொல்லி அறிந்தேன். யாரும் தங்கள் மக்கள் அனைவரின் சார்பாகவும் பேச வேண்டியதில்லை, பேசாமல் இருப்பதற்கும் உரிமை உண்டு என்பது அந்த வட்டத்தின் இன்னொரு விதி. முதல் வாரம் முழுவதும் அவள் அந்த உரிமையைப் பயன்படுத்தினாளாம். அன்றைக்கு, சொல்லப்போனால் சற்றே சலிப்பான குரலில், "என் அம்மம்மாவுக்கு ஆண்டுக்கு 4 டாலர் கொடுக்கிறார்கள்" என்றாள். யாரோ ஒரு பையன் சிரித்தான், பகிடி விடுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். "உண்மையாகவே 4 டாலர்தான், எங்கள் நிலத்துக்கு" என்று அவள் மறுபடி சொன்னபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த அரை மணிநேரம் நடந்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். நூலகர் விளக்கம் சொல்லவில்லை; தேடுங்கள் என்று விட்டுவிட்டார். பிள்ளைகள் கணினிக்கும் தட்டுக்குமாக ஓடினார்கள். நான் தமிழ்த் தட்டிலிருந்து சமையல் புத்தகங்கள் வரை பின்வாங்க வேண்டியிருந்தது. 1850இல் கையெழுத்தான இரண்டு றொபின்சன் ஒப்பந்தங்களின்படி ஹியூரன் ஏரிக்கும் சுப்பீரியர் ஏரிக்கும் வடக்கே உள்ள பெருநிலப்பரப்பைப் பிரிட்டிஷ் முடியரசு எடுத்துக்கொண்டது. நிலத்தின் வருமானம் கூடினால் ஆண்டுக் கொடுப்பனவையும் கூட்டலாம் என்று அந்த ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கிறது. 1875இல் ஆளுக்கு 4 டாலர் ஆக்கினார்கள், அதற்குப் பிறகு ஒரு சதமும் கூட்டவில்லை. அந்த நிலத்திலிருந்து மரமும் நிக்கலும் செம்பும் நூற்றைம்பது ஆண்டுகளாக வெளியேறிக்கொண்டிருந்தன. அப்படியானால் ஏன் வழக்குப் போடவில்லை என்று ஒரு பையன் கேட்டான். 1927 முதல் 1951 வரை, நில உரிமைக் கோரிக்கைக்காகப் பணம் திரட்டுவதே, பூர்வகுடி மக்களுக்கென்று கனடா இயற்றிய இந்தியன் சட்டத்தின்படி குற்றம் என்பதை இன்னொரு பிள்ளை கண்டுபிடித்து வாசித்தது. மேற்குப் பகுதியில் 1885க்குப் பிறகு, ஒதுக்கப்பட்ட நிலத்தை விட்டு வெளியே போவதற்கே அதிகாரியிடம் பாஸ் வாங்க வேண்டியிருந்தது என்பதும் வந்தது. பாஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு வேறொரு ஊரும் வேறொரு வரிசையும் நினைவுக்கு வந்தன. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற முயன்ற எவருக்கும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

இடையில் ஒரு சிறுமி இன்னொன்றைக் கவனித்தாள். பூர்வகுடி மக்களைப் பற்றிய புத்தகங்கள் ஏன் எல்லாம் 970 என்ற எண்ணில், வரலாற்றுத் தட்டில் இருக்கின்றன, அவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்தானே என்று கேட்டாள். அவர்களுடைய படைப்புக் கதைகள் 398இல், நாட்டார் கதைகளோடு இருந்தன. விவிலியக் கதைகளுக்கோ சமயப் பிரிவில் தனி இடம். நூலகர் தற்காப்பாக எதுவும் சொல்லவில்லை. இதை ஒழுங்குபடுத்தியவர்கள் எங்களைப் போன்ற நூலகர்கள்தான் என்றார். கானவாகேயைச் சேர்ந்த மோஹாக் பூர்வகுடி நூலகர் பிரையன் டியர் என்பவர் 1970களிலேயே தம் மக்களின் பார்வையில் நூல்களை வகைப்படுத்த வேறொரு முறையை உருவாக்கினார், வன்கூவரில் ஒரு பல்கலைக்கழக நூலகம் அதைப் பின்பற்றுகிறது, நாங்கள் இன்னும் பழைய எண்களைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார். தாம் வேலை செய்யும் நிறுவனத்தின் குறையைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் முன்னால் இப்படி இயல்பாகச் சொல்லும் ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவரை நம்பியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோடையில், 2023 ஜூனில், ஹியூரன் ஒப்பந்த மக்களுக்கு 1,000 கோடி டாலர் இழப்பீடு வழங்க உடன்பாடு ஏற்பட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், முடியரசு தன் வாக்குறுதியை மதிக்கத் தவறியது என்று கனடாவின் உச்ச நீதிமன்றமும் கூறியது. என் மகள் இரண்டு முறையும் செய்தியை எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை.

எனக்கு அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது

அன்றிரவு வாகனத்தில் அவள், "அப்பா, நீங்கள் அங்கை நின்றதை நான் கண்டனான்" என்றாள். "அது உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றும் கேட்டாள். பதில் சொல்ல எனக்குச் சில நாட்கள் தேவைப்பட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து நான் அதைக் கொண்டுவரவில்லை. அங்கே இருந்தபோது இந்த நாட்டின் பூர்வகுடிகளைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. 1998இல் வந்து, இரண்டாவது வருடம் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்தபோது, தேநீர் இடைவேளையில், என்னைப் போலவே வேறொரு நாட்டிலிருந்து வந்த ஒருவர்தான் அதைச் சொன்னார். அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். புதிதாக ஒரு நாட்டுக்கு வருகிறவன் வாடகை ஒப்பந்தத்தையும் பேருந்து வழித்தடத்தையும் கற்றுக்கொள்வதற்கு முன்பே, இங்கே யாரைத் தாழ்த்திப் பேசினால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்பதைக் கற்றுக்கொண்டுவிடுகிறான். ஏணியின் கடைசிப் படியில் நிற்கிறவனுக்கு, தனக்குக் கீழே இன்னொரு படி இருக்கிறது என்று கேட்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

இதில் வெட்கப்பட வைப்பது வேறொன்று. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தபோதும், 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோதும், இதே வாக்கியத்தைத்தான் எங்களைப் பற்றிச் சொன்னார்கள். சும்மா இருந்து அரசாங்கப் பணத்தில் வாழ வருகிறார்கள் என்றார்கள். 2010இல் என் சக தொழிலாளி ஒருவர் அதை என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. எழுவாயை மட்டும் மாற்றினால் அதே வாக்கியம்தான் என்பது எனக்குப் படவேயில்லை. ஆறு வருடங்களுக்குப் பிறகு, நிலக்கீழ் ரயில் வாசலில், அதை நானே சொன்னேன்.

நல்லிணக்கம் என்ற சொல்

மூன்றாவது வாரம் அவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டு மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள், பெற்றோரிடம் கேட்டு வாருங்கள் என்பது வேலை. நான் நல்லிணக்கம் என்றேன், சொல்லும்போதே வாய் கசந்தது. 2010இல் இலங்கை அரசாங்கம் அமைத்த ஆணைக்குழுவின் பெயரில் கற்றுக்கொண்ட பாடங்கள் இருந்தன, நல்லிணக்கம் இருந்தது, உண்மை என்ற சொல் மட்டும் இல்லை. கனடாவின் ஆணைக்குழு தன் பெயரில் உண்மையை முதலில் வைத்திருந்தது. கத்தோலிக்கரான என் மனைவி வேறொரு சொல்லைத் தந்தாள். பாவசங்கீர்த்தனத்தை அவர்கள் ஒப்புரவு என்பார்கள், அதில் முதலில் செய்ததைச் சொல்ல வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம் என்றாள். வதிவிடப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகள் என்பதை நினைக்கும்போது அந்தச் சொல்லிலும் ஒரு முள் இருக்கத்தான் செய்கிறது. மகள் இரண்டு சொற்களையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "நாங்கள் ஆருக்காவது இப்பிடிச் செய்திருக்கிறமா அப்பா?" என்று கேட்டாள்.

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். சுமார் 97,000 நூல்கள் என்ற எண்ணை அவள் ஆறு வயதிலேயே சொல்லுவாள், நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். 1990 ஒக்டோபரைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். கோட்டையை விட்டு இராணுவம் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பதினேழு வயது. முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவிலிருந்து ரியூசனுக்கு வந்து என்னருகே இருந்து படித்த நண்பன் ஒருவன் இருந்தான். அவனுடைய பௌதிகவியல் கொப்பி அந்த வாரம் என்னிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்க நான் போகவில்லை. பயந்ததால் போகவில்லை என்றுதான் நீண்ட காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். போக வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அந்தக் கொப்பியில் படித்து நான் பரீட்சை எழுதினேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, அவர்கள் போய்ச் சரியாக ஐந்து ஆண்டுகளில், நாங்கள் எல்லோரும் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது அது வீட்டோடு போயிற்று.

இதை அவளிடம் நூலக வாகனத் தரிப்பிடத்தில், என்ஜினை நிறுத்தாமல் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. "அதை நான் அடுத்த கிழமை அங்கை சொல்லலாமோ?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம், அது நான் சொல்ல வேண்டியது என்றேன். "அப்ப எங்கை சொல்லப் போறியள்?" என்றாள்.

அந்தத் தொடர் முடிந்த பிறகு நான் நூலகரிடம் போய், பெரியவர்களுக்கு இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டேன். பெரியவர்கள் யாரும் இதுவரை கேட்கவில்லை என்று சிரித்துவிட்டு, கூட்ட அறையை முன்பதிவு செய்யும் படிவத்தைக் கொடுத்தார். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணிநேரம் எடுத்தேன். தெரிந்தவர்கள் பதினைந்து பேரை அழைத்ததில் ஐந்து பேர் வந்தார்கள், எல்லோரும் என் வயதுக்காரர்கள். பிள்ளைகளுக்குப் போட்டதைப் போலவே கதிரைகளை வட்டமாகப் போட்டேன். பிள்ளைகளுடைய வட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, என் வாக்கியத்தையும் அந்த 4 டாலரையும் சொன்னேன். ஒருவர் தாமும் அப்படிச் சொல்வதுண்டு என்றார். அதிலிருந்து பேச்சு 2010க்குப் போய், அங்கிருந்து 1983க்குப் போய், 1981க்குப் போய் நின்றுவிட்டது. ஒன்றரை மணிநேரம் நூலகத்தைப் பற்றித்தான் பேசினோம். யார் எங்கிருந்து அந்தப் புகையைப் பார்த்தார்கள் என்பதை ஒவ்வொருவரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். எட்டு வயதுப் பையன் பார்த்த புகை அது, சொல்லச் சொல்ல வளர்ந்திருந்தது. பத்து நிமிடம் மிச்சமிருந்தபோதுதான் 1990 என்று வாயெடுத்தேன். ஒருவர், "அது வேறை சூழ்நிலை, தம்பி" என்றார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுவரை அதிகம் பேசாமல் மூலையில் இருந்த மூன்றாமவர், "உங்களோடை படிச்ச பெடியன்ரை பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை உரக்கச் சொல்லி முப்பத்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அவர் தம்மோடு படித்த இருவரின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார், அதற்குள் அடுத்த கூட்டத்தினர் கதவைத் தட்டினார்கள். நாங்கள் எழுந்து கதிரைகளை மடித்து அடுக்கினோம்.